பாத் நகரைச் சுற்றி 21 கிலோமீட்டர்: கால்வாய்க் கரை, கிராமத்து லேன், இரண்டு சுரங்கம்

கேள்வி: பிரிஸ்டலில் இருக்கிறோம். நானும் மனைவியும், 9, 12 வயதில் இரண்டு பிள்ளைகளும். பெரியவர்கள் சைக்கிளைத் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது. கார்களுக்கு நடுவே ஓட்டத் தைரியமில்லை. ஒரே நாளில் போய்வர நல்ல பாதை எது? எப்படித் தயாராவது?

பதில்:

உங்களுக்கு ஏற்றது பாத்தில் தொடங்கி பாத்திலேயே முடியும் 13 மைல் வட்டம். அதாவது 21 கி.மீ. கென்னட்–ஏவன் கால்வாய்க் கரையில் எட்டு கிலோமீட்டர், மாங்டன் கூம் பக்கத்துச் சின்ன லேன்களில் ஏறத்தாழ நாலு, பிறகு பழைய ரயில் சுரங்கங்கள் வழியாக ஊருக்குள் இறக்கம். அந்த நாலு கிலோமீட்டரையும் பாத் ஊருக்குள் சில தெருக்களையும் விட்டால் கார்களோடு உங்களுக்கு வேலை இல்லை.

21 என்றதும் மலைக்க வேண்டாம். இந்த மாதிரிப் பாதையில் ஆளைக் களைக்க வைப்பவை மூன்று: தரை, ஏற்றம், எதிரே வரும் கூட்டம். தார்ப்பாதையில் மணிக்கு 14 கி.மீ. போகிற பிள்ளை, கல்தூள் போட்ட கால்வாய்க் கரையில் 10க்கு இறங்கிவிடும். மிதிக்கும் நேரம் இரண்டரை மணி, நின்று நின்று போக நாலு மணி என்று கணக்கு வையுங்கள்.

ஆனால் முதல் வாரமே பாத்துக்குப் போகாதீர்கள். உங்கள் வாசலிலேயே வெள்ளோட்டத்துக்கு ஒரு பாதை இருக்கிறது, ‘பிரிஸ்டல்–பாத் ரயில்பாதை’ என்ற சைக்கிள் பாதை. 1966இல் பயணிகள் ரயில் நின்றுபோன தடத்தில், ‘சைக்கிள்பேக்’ என்ற பிரிஸ்டல் குழு 1979இல் வேலையைத் தொடங்கி 1986இல் முழுப்பாதையையும் முடித்தது. பின்னாளில் சஸ்ட்ரான்ஸ் என்ற சைக்கிள்பாதை அறக்கட்டளை ஆனது அந்தக் குழுதான். தேசிய சைக்கிள் வலையமைப்பில் 4ஆம் எண் பாதை இந்த வழியாகப் போகிறது. ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது என்பதால் பாதை முழுக்கச் சாய்வு மெல்லியது. ஓல்டு மார்க்கெட் பக்கம் தொடங்கினால் பிஷ்பாண்ட்ஸ் தாண்டும்வரை விடாத சிறு ஏற்றம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். ‘நமக்கு இவ்வளவுதான் தெம்பா’ என்று சோர்ந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திரும்புகிறார்கள். ஒரு கியர் இறக்கி மெதுவாகப் போங்கள். 471 மீட்டர் நீள ஸ்டேபிள் ஹில் சுரங்கமும், அதைத் தாண்டி மாங்கட்ஸ்பீல்டு பழைய ஸ்டேஷனின் இடிந்த நடைமேடையும் வந்துவிட்டால் பாடு முடிந்தது.

வார்ம்லியில் பாதை பெரிய சாலை ஒன்றைக் கடக்கிறது, சிக்னல் இருக்கிறது. பிட்டன் ஸ்டேஷனில் ஏவன் வேலி ரயில்வேக்காரர்கள் பழைய ரயில்களை ஓட்டுகிறார்கள். சின்னவனுக்கு அதுதான் அன்றைய பரிசு. அதோடு திரும்பிவிடலாம். காலை 8–9, மாலை 5–6 மணிக்கு வேலைக்குப் போவோர் இந்தப் பாதையில் வேகமாக வருவார்கள், அதைத் தவிருங்கள். சனி, ஞாயிறு பத்து மணி நல்ல நேரம்.

எட்டு வருஷம் ஷெட்டில் கிடந்த சைக்கிள் என்றால் முதலில் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். கையால் வளைத்தால் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும். நூல் தெரிந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும், காற்று நிற்கிறதே என்று சமாதானம் வேண்டாம். பழைய டியூப் பெரும்பாலும் வால்வின் அடியில்தான் கிழியும், அங்கே ஒட்டு நிற்காது. டயரையும் டியூபையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போது 35 முதல் 40 மி.மீ. அகலம் கேளுங்கள். கால்வாய்க் கரைக்கு மெல்லிய பந்தய டயர் ஒத்துவராது. 40 மி.மீ. டயரில் 75 கிலோ ஆளுக்கு 40–45 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், பிள்ளைகளின் 24 அங்குலச் சக்கரத்துக்கு 30–35. டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லாக இறுகும்வரை காற்றடித்தால் சரளையில் சக்கரம் துள்ளும், பிடிமானம் போகும், மணிக்கட்டு வலிக்கும்.

பிரேக் பிடியை இழுத்தால் அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. தொட்டால் பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு உருளைத் திருகை இடப்பக்கமாகத் திருப்பி ஒயரை இறுக்குங்கள். அப்படியும் தொட்டால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. செயினைத் துணியால் துடைத்துவிட்டு இணைப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய், பிறகு மேலே வழிவதை மீண்டும் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் கரைத்தூளைப் பிடித்து அரைக்கும் பசையாக மாறுகிறது. சீட் உயரம்: குதிகாலை மிதிகட்டையில் வைத்து, கட்டை அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். நெடுநாள் கழித்து ஓட்டுகிறவர்கள் பயத்தில் சீட்டை இறக்கி வைத்துக்கொள்வார்கள். அரை நாளில் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் பெல். ஒன்று போதும், ஆனால் அது வேலை செய்ய வேண்டும்.

பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸிலிருந்து பாத் ஸ்பா கால் மணி நேரத்துக்கும் குறைவு. லண்டன் பக்கம் போகும் நீண்டதூர ரயில்களில் சைக்கிளைச் செங்குத்தாகத் தொங்கவிடும் குறுகிய அலமாரிதான் இருக்கும். அதற்கு முன்பதிவு செய்துவிடுங்கள். பைகளைக் கழற்றினால்தான் உள்ளே போகும். நான்கு சைக்கிள் ஒன்றாகப் போவதென்றால் அலமாரியில் இடம் தட்டுப்படும், இரண்டிரண்டாகப் பிரிந்து போகத் தயாராக இருங்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? பெரும்பாலோர் சுரங்கத்தில் தொடங்கிக் கால்வாயில் முடிக்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் அதைத் தலைகீழாக்குங்கள். காலை ஒன்பதரைக்குக் கால்வாய்க் கரை ஏறக்குறைய காலியாக இருக்கும். மதியம் பாத்துக்கும் பாத்தாம்ப்டனுக்கும் நடுவே நாய், தள்ளுவண்டி, ஐஸ்கிரீம் கூட்டம். இன்னொரு காரணம் சாய்வு. ரயில் ஓடிய நாளில் பாத்திலிருந்து சுரங்கத்துக்கு ஏறும் தடம் 50க்கு 1 சாய்வு. மிட்போர்டு பக்கத்திலிருந்து வந்தால் 100க்கு 1தான். கால்வாயில் தொடங்கினால் அந்த 50க்கு 1, கால் ஓய்ந்த கடைசி நேரத்தில் உங்களுக்கு இறக்கமாகக் கிடைக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து சிட்னி கார்டன்ஸ் பக்கம் போய்க் கால்வாயைப் பிடியுங்கள். 4ஆம் எண் பலகை வழிகாட்டும். நீலப் பலகையில் சிவப்புச் சதுரம், அதற்குள் வெள்ளை எண். எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் நீங்கள் இன்னும் அந்தப் பாதையில் இல்லை, அதை நோக்கிப் போகிறீர்கள் என்று பொருள். இந்த அடைப்புக்குறியைக் கவனிக்காமல் வழி தவறுகிறவர்கள் நிறைய.

கால்வாய்க் கரைப் பாதை சைக்கிளுக்காகப் போட்டதல்ல. படகை இழுத்த குதிரைகளுக்காகப் போட்டது. பாலங்களைக் கவனித்தால் அது புரியும். வளைவுக்கு அடியில் பாதை ஒரு குதிரை அகலத்துக்குச் சுருங்கும், ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் தண்ணீர், எதிரே வருகிறவர் கடைசி நொடிவரை தெரியமாட்டார். பாலத்துக்குப் பத்து மீட்டர் முன்பே இரண்டு முறை மணி அடியுங்கள், நடை வேகத்துக்கு இறங்குங்கள், தலையைத் தாழ்த்துங்கள். எதிரே யாராவது ஏற்கனவே அடியில் இருந்தால் நின்று விடுவதுதான் முறை. இங்கே நடப்பவர்களுக்கே முன்னுரிமை. 2022இல் திருத்திய நெடுஞ்சாலை விதித்தொகுப்பும் அதையே சொல்கிறது: பின்னாலிருந்து நெருக்கமாகவோ வேகமாகவோ கடக்காதே, அவர்களுக்குக் காது கேட்காமலோ கண் தெரியாமலோ இருக்கலாம் என்பதை மறக்காதே. மணி அடித்தும் நகராதவர் திமிர்பிடித்தவர் அல்ல, காதில் இயர்போன் இருக்கும். ‘குட் மார்னிங்’ என்று வாய்விட்டுச் சொன்னால் மணியை விட நன்றாக வேலை செய்யும்.

கரையில் நீளமான, அகலம் குறைந்த படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். கயிறு கட்டும் இரும்பு முளைகள் பாதையோரப் புல்லில் அடித்திருப்பார்கள். சக்கரம் அதில் இடித்தால் நேரே தண்ணீர்தான். எனவே யாருக்கும் வழிவிட வேண்டுமானால் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்காமல் வேலிப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பிள்ளைகளை நடுவில் விட்டு ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் பின்னால். ஜோடியாக ஓட்டக் கூடாது. சக்கரம் தண்ணீர் விளிம்புக்குப் போய்விட்டால் ஹேண்டில்பாரை வெட்டித் திருப்பாதே, மிதிப்பதை நிறுத்தி, கரைப்பக்கக் காலை ஊன்றி இறங்கு என்று சின்னவனுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். வெட்டித் திருப்பினால் இளகிய விளிம்பில் சக்கரம் வழுக்கி, அவன் எந்தப் பக்கம் விழக் கூடாதோ அந்தப் பக்கம் விழுவான். அன்னமும் வாத்தும் குஞ்சுகளோடு பாதையில் உட்கார்ந்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு, அகன்று போங்கள். கால்வாய்ப் பாலங்களில் எண் பொறித்திருக்கும். கடைசியாகக் கடந்த எண்ணை ஞாபகம் வைத்திருந்தால், ஏதாவது ஆகி 999ஐ அழைக்கும்போது இடம் சொல்ல உதவும்.

கிளாவர்டனைத் தாண்டினால் டண்டாஸ் நீர்ப்பாலம். ஜான் ரென்னி கட்டியது, கால்வாய்க் கம்பெனியின் முதல் தலைவர் சார்ல்ஸ் டண்டாஸின் பெயர். கால்வாயே பாலமேறி ஏவன் ஆற்றைக் கடக்கிறது, கீழே ஆறும் ரயிலும் போகின்றன. சாப்பிட உட்கார இதை விட நல்ல இடம் வழியில் கிடைக்காது. புளிசாதம் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு ஓட்டல் தேடும் கவலையும் இல்லை.

பார்த்து முடித்ததும் நீர்ப்பாலத்தைக் கடந்து போகாதீர்கள். அதற்கு முன்னாலேயே கால்வாயின் மறுகரைக்கு மாறி, பிராஸ்நாக்கர் பேசின் என்ற படகுத்துறைப் பக்கம் 24ஆம் எண் பலகையைப் பிடிக்க வேண்டும். ஏ36 பெருஞ்சாலை அருகிலேயே ஓடுகிறது. பலகை கண்ணில் படவில்லை என்றால் போன வழியே திரும்பி வந்து தேடுங்கள், ‘இதுவும் அங்கேதானே போகும்’ என்று ஏ36இல் ஏறிவிடாதீர்கள்.

இனி லேன்கள். மாங்டன் கூம், டக்கிங் மில், மிட்போர்டு. தூரம் குறைவுதான், ஆனால் இந்த வட்டத்தின் ஒரே குத்தேற்றம் இங்கேதான். இறங்கித் தள்ளுங்கள், யாரும் சிரிக்கப் போவதில்லை. ஏறியே தீருவேன் என்றால் ஏற்றம் தொடங்கும் முன்பே மிதிக்க மிக எளிதான கியருக்குப் போய்விடுங்கள். நடுவில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கழன்று விழும், சின்னவர்களின் மலிவான கியர்களில் கட்டாயம் விழும்.

இந்த லேன்கள் பல இடங்களில் ஒரு கார் அகலமே. நடுவில் சரளையும் புல்லும் திட்டாகக் கிடக்கும், சக்கரம் ஓடும் தடத்திலேயே ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஆளுயர வேலி இருப்பதால் திருப்பத்தில் கண்ணை விடக் காதை நம்ப வேண்டும். ஆனால் மின்கார் சத்தமில்லாமல் வரும், ஆகவே காதையும் முழுக்க நம்ப முடியாது. ‘குவைட் லேன்’ என்று பலகை இருந்தாலும் அது தன்னளவில் வேக வரம்பு ஆகாது. வேறு வரம்புப் பலகை இல்லாத கிராமத்து ஒற்றைச் சாலையில் சட்டப்படி 60 மைல் வரை அனுமதி உண்டு, யாரும் அப்படிப் போவதில்லை என்பது வேறு விஷயம். பின்னால் கார் வந்தால் பதறி ஓரத்துச் சேற்றில் இறங்காதீர்கள். அடுத்த வயல்கதவு அல்லது ஒதுங்குமிடம்வரை அதே வேகத்தில் போய், அங்கே நின்று வழிவிட்டுக் கையை உயர்த்துங்கள். குதிரை வந்தால் தூரத்திலேயே பேச்சுக் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது, பெல் சத்தத்துக்கு மிரளக்கூடும். முந்துவதானால் அதன் இடப்பக்கம் முந்தக் கூடாது.

டக்கிங் மில்லில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை 1815இல் வெளியிட்ட வில்லியம் ஸ்மித் இங்கே வாழ்ந்தவர். அந்தப் பக்கத்து நிலக்கரிக் கால்வாய்க்காக மண்ணை அளந்தபோதுதான் பாறை அடுக்குகளின் வரிசை அவருக்குப் பிடிபட்டது.

மிட்போர்டில் 244ஆம் எண் பலகை வரும். அந்த இரண்டு சுரங்கங்கள் வழியாகப் போகும் டூ டனல்ஸ் கிரீன்வே பாதை இதுதான். சாமர்செட்–டார்செட் ரயில்பாதை 1966இல் மூடப்பட்டு, 2013 ஏப்ரலில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். டக்கிங் மில் மேம்பாலத்தைக் கடந்ததும் கூம் டவுன் சுரங்கம், 1,672 மீட்டர். காற்றுப்போக்கி ஒன்றுகூட இல்லாமல் தோண்டிய சுரங்கம் இது. 1929 நவம்பரில் மெதுவாக ஏறிய சரக்கு ரயிலின் புகையிலேயே ஓட்டுநரும் உதவியாளரும் மூச்சடைத்து மயங்கினார்கள். ஆளில்லா வண்டியாக அது மறுபுறம் இறங்கி பாத் சரக்கு முற்றத்தில் மோதியது, மூன்று பேர் இறந்தார்கள். இப்போது புகை இல்லை, குளிர் உண்டு. வெயில் நாளிலும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும், வியர்த்த உடம்போடு நுழையாமல் வாசலிலேயே ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே விளக்கு எரியும், ஆனால் மங்கல். வெயிலிலிருந்து நுழைந்தால் கண் பழக அரை நிமிஷம் பிடிக்கும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்னும் பின்னும் லைட் போட்டு, அரை நிமிஷம் மெதுவாகப் போங்கள். முன்லைட்டைக் கொஞ்சம் தரையைப் பார்க்கத் தாழ்த்துங்கள், எதிரே நடப்பவர் கண்ணில் அடிக்கக் கூடாது. நாய்ச்சங்கிலி பாதைக்குக் குறுக்கே நீண்டிருக்கும், நாய் ஒரு ஓரம், ஆள் மறு ஓரம், நடுவில் கயிறு உங்களுக்குத் தெரியாது. பெல் எதிரொலித்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியாது, ஆகவே நெருங்கியதும் ‘உங்கள் வலப்பக்கம்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கடங்கள். நடுவில் ஓரிடத்தில் நீங்கள் கடக்கும்போது இசையும் வண்ண வெளிச்சமும் எழும். பிள்ளைகள் அங்கே திடீரென்று பிரேக் போடுவார்கள், பின்னால் வருகிற பெரியவர் இடைவெளி விட்டு வாருங்கள்.

வெளியே வந்தால் லிங்கம் வேல் பள்ளத்தாக்கு, பிறகு 409 மீட்டர் டெவன்ஷயர் சுரங்கம், அதன்பின் இறக்கம். அங்கே இரண்டு பிரேக்கையும் மாறி மாறி லேசாகப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். காலையில் கரையில் மழைநீர் தேங்கியிருந்தால் ரிம்மில் கல்தூள் ஒட்டியிருக்கும், பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். அந்தத் தூள் ரிம்மைத்தான் தின்கிறது. தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றித் துடைத்துவிட்டு இறங்குவது நல்லது.

பஞ்சர் எங்கே ஆகும் என்று கேட்டால், லேனில். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் விவசாயிகள் உயிர்வேலியை வெட்டத் தடை. செப்டம்பர் பிறந்ததும் எல்லாரும் இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள், சாலை முழுக்க ஹாதார்ன் முள் சிதறிக் கிடக்கும். அந்த வாரங்களில் போனால் ஆளுக்கொரு மாற்று டியூப், டயரைக் கழற்ற இரண்டு நெம்புகோல், பம்பு. டியூபை மாற்றும் முன் பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள், வால்வை அடையாளமாக வைத்து டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். உட்புறத்தைத் துணியால் ஒருமுறை சுற்றித் தடவினால் முள் துணியில் சிக்கும், விரலால் தடவினால் விரலில் ஏறும். முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போட்டவர்களுக்குப் பத்தே நிமிஷத்தில் இரண்டாவது பஞ்சர் உறுதி. வால்வு தடிமனா மெல்லியதா என்று வீட்டிலேயே பார்த்து, பம்பின் வாய் அதற்குப் பொருந்துமா என்றும் சோதியுங்கள்.

வரைபடம் வாங்குவதானால் ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:50,000 தாள் 172. மெல்லிய மஞ்சள் கோடுகள் நாலு மீட்டருக்கும் குறுகிய சாலைகள், உங்கள் லேன்கள் அவைதான். சாலையின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று ஏற்றம், இரட்டை என்றால் அதற்கும் மேல். பிள்ளைகளோடு இரட்டை அம்பு வேண்டாம். பழைய இலவசக் கையேடுகளை நம்பாதீர்கள். 2020இல் தேசிய வலையமைப்பில் ஏறக்குறைய கால்பங்கை, கார் அதிகம் என்பதுபோன்ற காரணங்களால் நீக்கியோ வகை மாற்றியோ விட்டார்கள். கிராமப்புறத்தில் மஞ்சள் அம்பு போட்ட பாதை நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைப்பாதை, அதில் சைக்கிள் போகலாம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட்டு.

டண்டாஸிலேயே யாராவது முகம் சுளித்தால் வட்டத்தை விட்டுவிடுங்கள். வந்த வழியே திரும்பினால் 16 கி.மீ., முழுக்கச் சமதளம். இல்லையென்றால் நீர்ப்பாலத்தைக் கடந்து கரையோடே இன்னும் ஒரு எட்டு கிலோமீட்டர் போங்கள், பிராட்போர்டு-ஆன்-ஏவனில் ரயில் பிடித்து பாத் வழியாக பிரிஸ்டல் வந்துவிடலாம். அந்த வழியில் குழப்பம் வரும் இடம் ஒன்றே, ஏவன்கிளிப். அங்கே பாதை கரை மாறுகிறது. நேரே போகாமல் நீர்ப்பாலத்தின் அடிக்கு இறங்கி மறுபுறம் ஏற வேண்டும்.